வெளிச்சம் புகும் எலும்பு

தசையும் தோலும் நீங்கிக் காய்ந்த மேற்கை எலும்பு ஒன்றைச் சன்னலுக்கு நேராகப் பிடித்தால், முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே ஓர் இடம் மட்டும் மங்கலாக ஒளிரும். எலும்பை முன்னாலிருந்து ஒரு குழியும் பின்னாலிருந்து ஒரு குழியும் குடைந்துகொண்டே வந்து, நடுவில் ஒரு மெல்லிய தடுப்பை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. பலருக்கு அந்தத் தடுப்பு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. சிலருக்கு அதுவும் இல்லாமல் ஒரு மிளகு நுழையும் அளவுக்குத் துளையே இருக்கும். மருத்துவ மாணவர்கள் இந்த எலும்பின் கீழ்முனையைப் படிக்கும்போது முதலில் மேடுகளைப் படிக்கிறார்கள். எந்த மேட்டில் எந்தத் தசை தொடங்குகிறது, எந்த மேட்டின் பின்னால் எந்த நரம்பு ஓடுகிறது என்பதெல்லாம் தேர்வில் கேட்கப்படும். குழிகள் பட்டியலின் கடைசியில் பெயரளவுக்கு வரும். இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. இந்த எலும்பு முனை இப்படி இருப்பதற்கான காரணம் அதன் குழிகளில் இருக்கிறது. இங்கே எங்கே எலும்பு இருக்கிறது என்பதைவிட எங்கே இல்லை என்பதே முழங்கையின் வேலையைத் தீர்மானிக்கிறது.

தோளிலிருந்து இறங்கும்போது இந்த எலும்பு ஏறத்தாழ உருண்டையான தடி. முழங்கையை நெருங்க நெருங்க முன்பின்னாகத் தட்டையாகி, பக்கவாட்டில் அகன்றுவிடுகிறது. அடியில் இரண்டு மூட்டுப் பரப்புகள் அடுத்தடுத்து இருக்கின்றன. உடம்பை ஒட்டிய பக்கத்தில் இருப்பது நடுவில் பள்ளம் ஓடும் ஓர் உருளை. கிணற்றுக் கப்பியைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. லத்தீனில் அதற்கு வழங்கும் பெயரின் பொருளும் கப்பிதான். வெளிப்பக்கத்தில் இருப்பது ஒரு குமிழ். முன்கையின் இரண்டு எலும்புகளில் அல்னா கப்பியைக் கவ்விக்கொண்டு மடங்குகிறது, நீள்கிறது. ரேடியஸ் தன் வட்டத் தலையைக் குமிழின்மேல் வைத்து மடங்குவதோடு சுழலவும் செய்கிறது. சாவியைத் திருப்புவதும், உள்ளங்கையை ஏந்துவதும், கவிழ்ப்பதும் இந்தச் சுழற்சியால்தான். முழங்கையை வெறும் கீல் என்று சொல்வது இதனால் பாதி சரி, பாதி பிழை. ஆனால் என் கவனம் கீலான பாதியில்தான் இருக்கிறது. குழிகளின் கதை அங்கேதான் நடக்கிறது.

அல்னாவின் கவ்வு ஏறத்தாழ அரைவட்டம். அதன் பின்னுதடு நாம் மேசைமேல் ஊன்றும் முழங்கை முனை. முன்னுதடு பறவையின் அலகுபோல் கூர்ந்த ஒரு சிறு நீட்சி. இவ்வளவு ஆழமாகக் கவ்வியிருப்பதால்தான் முழங்கை எலும்பின் வடிவத்தாலேயே உறுதியான மூட்டாக இருக்கிறது. முழங்காலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே தொடையெலும்பு கிட்டத்தட்டத் தட்டையான பரப்பின்மேல் உருள்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது தசைநார்கள்தான். அதனால்தான் விளையாட்டு வீரர்களின் முழங்கால் நார் கிழிந்தால் மூட்டே ஆட்டம் கண்டுவிடுகிறது. முழங்கையிலும் பக்க நார்கள் முக்கியமே, என்றாலும் எலும்பின் கவ்வு பெரும் பங்கைத் தாங்குகிறது. இந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. உருளை ஒன்றைப் பாதிவட்டம் சுற்றிப் பிடித்த கவ்வு, அந்த உருளையைத் தாங்கும் தண்டில் வெகு சீக்கிரம் இடித்துக்கொள்ளும். கை நீளும்போது பின்னுதடும், மடங்கும்போது முன்னுதடும் தண்டில் முட்டும். கவ்வு ஆழமானால் அசைவு குறையும், அசைவு கூடவேண்டுமானால் கவ்வு ஆழமற்றுப் போகும். இரண்டையும் ஒருசேரப் பெற ஒரே வழிதான் உண்டு: தண்டு ஒதுங்கி வழிவிட வேண்டும். பின்குழி முழங்கை முனைக்கு விட்ட வழி. முன்குழி அலகுக்கு விட்ட வழி. குமிழுக்குமேல் ரேடியஸ் தலைக்கென்று விட்ட ஆழமற்ற மூன்றாவது குழி ஒன்றும் உண்டு. குழி எதற்கு என்ற கேள்விக்கு விடை இவ்வளவு எளியது. அந்த எளிமைதான் அதைப் பாடநூலின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டது என்று தோன்றுகிறது.

உடனே ஒரு மறுப்பு எழும். சுமை இறங்கும் பாதையின் நடுவே எலும்பைத் தாள்போலச் சுரண்டி வைத்திருப்பது பலவீனம் அல்லவா? சுமை நடுவில் இறங்கினால்தான் அது பலவீனம். எலும்பை நன்றாகப் பார்த்தால் தண்டு கீழே வரும்போது கவட்டைபோல இரண்டு தூண்களாகப் பிரிவது தெரியும். வெளித்தூண் குமிழில் போய் முடிகிறது, உட்தூண் உள்புடைப்பில். இரண்டுக்கும் குறுக்கே விட்டம்போலக் கப்பி கிடக்கிறது. விசை தூண்கள் வழியே ஏறி இறங்குகிறது, கப்பி அவற்றைப் பிணைக்கிறது, நடுவிலிருக்கும் தடுப்பு சுமை எதையும் பெரிதாகத் தாங்குவதில்லை. இதற்கு அறுவை அறையிலிருந்தே சான்று தரலாம். பெரியவர்களுக்கு இந்த முனை நொறுங்கினால், எலும்பு மருத்துவர்கள் இரண்டு தூண்களுக்கும் தனித்தனியே உலோகத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குகிறார்கள். நடுத்தடுப்பை ஒட்டவைக்க யாரும் மெனக்கெடுவதில்லை. மாறாக, எந்தத் திருகாணியின் நுனியும் குழிக்குள் எட்டிப்பார்க்கக் கூடாது என்பதில் கண்ணாக இருக்கிறார்கள். அப்படி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், எலும்பு எவ்வளவு அழகாகப் பொருந்தியிருந்தாலும் நோயாளியால் கையை முழுக்க நீட்ட முடியாது. பழுதுபார்ப்பவர் காக்கவேண்டியவற்றின் பட்டியலில் எலும்பில்லாத ஓர் இடமும் இருக்கிறது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1981-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பெர்னார்ட் மோரியும் உடன் உழைத்தவர்களும், அன்றாட வேலைகளுக்கு முழங்கை எவ்வளவு அசைய வேண்டியிருக்கிறது என்று அளந்தார்கள். உண்பது, குடிப்பது, தலைவாருவது, தொலைபேசியைக் காதில் வைப்பது, கதவைத் திறப்பது போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 30 பாகையிலிருந்து 130 பாகை வரையிலான மடக்கமே போதும் என்று கண்டார்கள். கை முழுக்க நேராக நீளும் கடைசி 30 பாகை பெரும்பாலும் தேவைப்படவில்லை. பின்குழி முழு ஆழத்துக்கு வேலைசெய்வது அந்தக் கடைசிப் பாகைகளில்தான். அப்படியானால் அது ஓர் ஆடம்பரமா? அந்த அளவீட்டை நான் மதிக்கிறேன். எத்தனையோ நோயாளிகளுக்குச் சிகிச்சையின் இலக்கை வகுத்துத் தந்த அளவீடு அது. ஆனால் அது எண்ணியவை பெரும்பாலும் பொருளை உடம்பை நோக்கிக் கொண்டுவரும் செயல்கள். உடம்பைக் கையின்மேல் சாய்க்கும் செயல்கள் வேறு வகை. தரையில் உட்கார்ந்து பழகிய முதியவர் உள்ளங்கையை ஊன்றி எழுவதும், பழுதான வண்டியை முதுகை நிமிர்த்தித் தள்ளுவதும், துடுப்பை எட்டி வீசுவதும் அந்த வகை. நேராக நீண்ட கையில் முழங்கை முனை குழிக்குள் போய் அமர்ந்துகொள்கிறது. மூட்டுறையின் முன்பகுதியும் முன்பக்கத் தசைகளும் சேர்ந்துதான் அந்த அசைவை நிறுத்துகின்றன என்றாலும், அந்த நிலையில் கை ஒரு கால்போல ஆகிவிடுகிறது. தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை.

இதன் அருமை நன்றாகத் தெரிவது தசையே இல்லாமல் போனவர்களிடம். கழுத்தில் ஆறாம் மட்டத்துக்குக் கீழே தண்டுவடம் பழுதானவர்களுக்கு முழங்கையை மடக்கும் தசை வேலைசெய்யும். நீட்டும் தசையான ட்ரைசெப்ஸ் செயலற்றுப்போகும். ஆனாலும் அவர்களில் பலர் கையை உடலுக்குப் பின்பக்கமாக ஊன்றி, தோளை வெளிப்புறம் திருப்பி, முழங்கையை நேர்நிலையில் பூட்டிக்கொண்டு தம் உடம்பைத் தாமே தூக்கிப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே ட்ரைசெப்ஸின் வேலையை எலும்பின் பூட்டு செய்கிறது. அவர்களுடைய முழங்கை மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், முழுக்க நீள மறுத்தால், பூட்டு விழாது. இன்னொருவர் தூக்கிவிட்டால்தான் நாற்காலி. மறுவாழ்வு மருத்துவத்தில் இருப்பவர்கள் அந்தக் கடைசிச் சில பாகைகளைக் காப்பாற்ற நாள்தோறும் கையை நீட்டிவிடுவது இதனால்தான். அன்றாட வேலைக்குத் தேவையில்லை என்று அளக்கப்பட்ட பாகைகள் ஒருவருடைய சுதந்திரம் முழுவதையும் தாங்கி நிற்க முடியும். இதைப் பார்த்தபின் அதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிலருக்குத் தடுப்பே இல்லாமல் துளை இருக்கும் என்றேன். அந்தத் துளையை 19ஆம் நூற்றாண்டு அறிவியல் எப்படிப் படித்தது என்பது தனியே நின்று பார்க்க வேண்டிய ஒன்று. 1871-இல் வெளியான ‘மனிதனின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே சார்லஸ் டார்வின் மேற்கை எலும்பின் இரண்டு துளைகளைப் பற்றி எழுதுகிறார். ஒன்று உட்புடைப்புக்குமேல் சிலருக்கு வளரும் சிறு கொக்கியோடு தொடர்புடையது. கொக்கியிலிருந்து புடைப்புக்கு ஒரு நார் ஓடி, அந்த இடைவெளியை நரம்பு நுழைந்து செல்லும் வாசலாக்கிவிடும். ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் ஜான் ஸ்ட்ரதர்ஸ் அதை ஆராய்ந்து, ஒரு தந்தைக்கும் அவருடைய ஏழு பிள்ளைகளில் நால்வருக்கும் அது இருந்ததைக் கண்டார். பூனைக்கு இந்த வாசல் முழுக்க எலும்பாலேயே ஆனது; நரம்பும் தமனியும் அதன் வழியே போகின்றன. ஆகவே இது மூதாதை விலங்குகளின் எச்சம் என்ற டார்வினின் வாதம் வலுவானது, பெரும்பாலும் இன்றும் நிற்கிறது. இரண்டாவது துளை நாம் பேசும் துளை. பாரிஸின் தெற்கு இடுகாட்டில் எடுத்த எலும்புகளில் 4.5 விழுக்காட்டில் பிரெஞ்சு உடற்கூறியலாளர் பால் ப்ரோக்கா அதைக் கண்டார். வெண்கலக் காலத்தைச் சேர்ந்த ஒரோனி குகையில் 32 எலும்புகளில் எட்டில். குகை ஒரு குடும்பத்தின் கல்லறையாக இருந்திருக்கலாம், அதனால் எண்ணிக்கை கூடியிருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் டார்வின் மறைக்காமல் பதிவுசெய்கிறார். இருந்தும் அவர் வந்து சேர்ந்த முடிவு, பழங்கால மக்கள் விலங்கு மூதாதையருக்குச் சற்று அருகில் நின்றதே இதற்குத் தலையாய காரணம் என்பது.

முதல் துளை ஒரு வாசல், அதன் வழியே ஏதோ ஒன்று போகிறது. இரண்டாவது வெறும் இல்லாமை, அதன் வழியே எதுவும் போவதில்லை. நாய்க்கு முதல் துளை கிடையாது, இரண்டாவது இயல்பாகவே உண்டு, பூனைக்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்ததில்தான் பிழை தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டில் பெரிய எலும்புத் தொகுப்புகளை எண்ணியவர்கள் கண்ட மூன்று உண்மைகள் அந்தத் தராசைக் கவிழ்க்கப் போதுமானவை. துளை ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். வலக்கையைவிட இடக்கையில் அதிகம். சிறு குழந்தைகளின் எலும்பில் அரிது, வளர வளரத் தோன்றுகிறது. ஒருவருடைய இடக்கை அவருடைய வலக்கையைவிட மூதாதைக்கு நெருக்கமாக இருக்க முடியாது. இந்த ஒன்றே போதும். மேலும், இந்திய மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் அண்மைக்கால எலும்புகளை எண்ணிய பல ஆய்வுகளில் கால் பங்குக்கு முன்பின்னாகத் துளை காணப்படுகிறது. ஒரோனி குகையின் விகிதம் அதுவே. நேற்று வாழ்ந்த மனிதரின் கைக்கும் வெண்கலக் காலக் கைக்கும் விகிதம் ஒன்றாக இருந்தால், ‘பழமை’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை. 19ஆம் நூற்றாண்டில் இத்தகைய எண்களைச் சில மக்களைத் ‘தாழ்ந்த’ இனமென்று காட்டக் கருவியாக்கினார்கள். அந்தத் தீங்கை நினைவில் வைத்துக்கொண்டே இந்த எண்களைத் தொட வேண்டும். மெலிந்த, தசைப்பிடிப்புக் குறைந்த எலும்பிலும், மூட்டு சற்றுப் பின்வளையும் கையிலும் துளை கூடுதலாகத் தென்படுவது, அது ஒருவர் வாழ்நாளில் நிகழும் தேய்வு என்ற பக்கமே கைகாட்டுகிறது. சுமை வராத இடத்து எலும்பை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது எலும்பியலில் பழைய பாடம். ஜூலியஸ் வுல்ஃப் 1892-லேயே அதை நூலாக எழுதினார். எலும்பு நொடிந்து போனதல்ல இது. வேண்டாத சுவரை வீட்டுக்காரரே எடுத்துவிட்டார் என்று கொள்ளலாம்.

இவ்வளவு சொன்னபின் குழியின் கொடுமையான பக்கத்தை மறைத்தால் அது நேர்மையாகாது. ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் கையை நீட்டி ஊன்றி விழும்போது முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். குழந்தைகளின் முழங்கை முறிவுகளில் மிக அதிகம் நிகழ்வது இதுவே. அந்த வயதில் மூட்டு நார்கள் தளர்வாக இருப்பதால் கை நேர்நிலையைத் தாண்டிச் சற்றுப் பின்னால் வளைகிறது. பின்குழிக்குள் புகுந்த முழங்கை முனை நெம்புகோலின் ஊன்றுபுள்ளியாகிறது. மேலிருந்து உடம்பின் எடை அழுத்த, தண்டின் மிக மெல்லிய வரியில் எலும்பு ஒடிகிறது. பெரும்பாலும் கீழ்த்துண்டு பின்னோக்கிப் பெயர்கிறது. மேல்துண்டின் கூர்விளிம்பு முன்னே இருக்கும் தமனியையும் நரம்பையும் நோக்கித் திரும்புகிறது. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு வட்டம் போடச் சொல்லி, பிள்ளையால் முடியவில்லை என்றால் நரம்பு அடிபட்டிருக்கிறது என்று மருத்துவர் அறிவார். இரத்த ஓட்டம் தடைபட்ட முன்கைத் தசை சில மணி நேரத்தில் சாகத் தொடங்கும். செத்த தசை நாராகச் சுருங்கி விரல்களை உள்ளே இழுத்து வாழ்நாள் முழுவதும் கொக்கிபோல நிறுத்திவிடும். 1881-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மான் இதை விவரித்தபோது, மிக இறுக்கமாகக் கட்டிய கட்டுகளைக் காரணமாகச் சொன்னார். வீங்கிவரும் சிறு முழங்கையை மூங்கில் பத்தையும் துணியுமாக இறுக்கிக் கட்டுவது, எண்ணெய் போட்டு நீவிவிடுவது இரண்டுமே நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. நீவுவதால் தசைக்குள்ளேயே எலும்பு படிந்து மூட்டு இறுகிவிடுவதும் உண்டு. விழுந்த பிள்ளை விரலை மெல்ல நீட்டிவிட்டாலே துடித்து அழுதால், கட்டை அவிழ்க்க வேண்டும், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கட்டுரையின் வாதத்தைவிட இந்த ஒரு வரி முக்கியமானது.

அப்படியானால் குழியைக் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வதா? குழியின் விலை என்று ஒப்புக்கொள்கிறேன். இந்த முறிவு பொருத்தமாகச் சேராவிட்டால் கோணல் தானாகச் சரியாவதும் குறைவு. மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் எண்பது விழுக்காடு தோள் முனையில் நடக்கிறது. முழங்கை முனையின் பங்கு இருபதுதான். கையை நீட்டும்போது இயல்பாக வெளிப்புறம் விலகி நிற்கும் முன்கை, அதன்பின் உள்நோக்கிச் சாய்ந்தே இருந்துவிடும். ஆனால் குழி ஆழமற்ற ஒரு கற்பனை முழங்கையை எண்ணிப் பாருங்கள். அது இந்த வயதில் ஒருவேளை தப்பித்திருக்கும். அதற்கு ஈடாகத் தவழவும், ஊன்றவும், கிளையில் தொங்கவும் அந்தப் பிள்ளைக்கு நேரான கை இருந்திருக்காது.

உயிருள்ள முழங்கையில் குழிகள் வெறுமையாகக் கிடப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவற்றுக்குள் மென்மையான கொழுப்புத் திண்டுகள் இருக்கின்றன. எலும்பு உள்ளே வரும்போது திண்டு நகர்ந்து இடம்விடுகிறது, வெளியேறும்போது திரும்ப நிரப்புகிறது. 90 பாகை மடக்கிப் பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் பின்குழியின் திண்டு தெரியாது, குழிக்குள் ஆழ்ந்திருக்கும். மூட்டுக்குள் இரத்தம் கசிந்து நிறைந்தால் அது குழியிலிருந்து தள்ளப்பட்டு, எலும்பின் பின்னால் ஒரு கருநிழலாக வெளிப்படும். 1954-இல் நோரெல் என்ற மருத்துவர் இதை எழுதியதிலிருந்து, முறிவுக்கோடு எங்கும் தெரியாத பிள்ளையின் எக்ஸ்ரேயில்கூட அந்த நிழலைக் கண்டால் எங்கோ ஒளிந்த முறிவு இருக்கலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாகிறார்கள். எலும்பு சொல்லாததைக் குழி சொல்லிவிடுகிறது.

கடைசியாக, முதுமையின் பக்கம். பல்லாண்டு காலம் கையால் கடும் வேலை செய்தவர்களின் முழங்கையில், பெரும்பாலும் ஆண்களுக்கு, எலும்பு முட்கள் வளர்கின்றன. முழங்கை முனையின் நுனியிலும், முன்னலகிலும், குழிகளின் ஓரத்திலும் முளைத்துக் குழியையே தூர்த்துவிடுகின்றன. அவர்கள் மருத்துவரிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நிறைகுடத்தையோ கனத்த பையையோ கையைத் தொங்கவிட்டுத் தூக்கினால், கை நேராகும் அந்தக் கடைசி இடத்தில் சுள்ளென்று வலிக்கிறது. கப்பியின் குருத்தெலும்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், கெட்டுப்போனது குழி. இதற்கு அவுட்டர்பிரிட்ஜ் என்ற மருத்துவர் எண்ணிய ஓர் அறுவையை ஜப்பானின் காஷிவாகி 1978-இல் விவரித்தார். பின்னாலிருந்து தசையைப் பிளந்து, முழங்கை முனையில் வளர்ந்த முள்ளைச் சீவிவிட்டு, இரண்டு தூண்களையும் தொடாமல் நடுத்தடுப்பில் துளையிடுகிறார்கள். துளை ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். அதன் வழியாகவே முன்பக்கத்து முட்களையும் எடுத்துவிடுகிறார்கள். துளையை மூடுவதில்லை. சில வாரங்களுக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேயில், முழங்கைக்குச் சற்று மேலே, பாரிஸ் இடுகாட்டு எலும்புகளில் ப்ரோக்கா விரல்வைத்து எண்ணிய அதே இடத்தில், ஒரு கறுப்பு வட்டம் தெரிகிறது. கை முன்பைவிட நேராக நீள்கிறது.